பூசுவதற்கு மட்டும்

உங்கள் சங்கத்திலிருந்து தொலைபேசியில் பேசிய பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டாள். "அன்ரி, புதுசா வேலைக்கு வந்திருக்கிற பிசியோக்களுக்கு உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ. வாசிச்சால் ஒரு உற்சாகம் வரவேணும்." ஓம் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். வைத்த பிறகுதான், உற்சாகம் வருகிற மாதிரி என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். முப்பத்தொரு வருடம் தென் லண்டனில் பிசியோதெரபிஸ்டாக மற்றவர்களின் முதுகையும் தோளையும் முழங்காலையும் பிடித்தவள் நான். கடைசிப் பன்னிரண்டு வருடம் வலிச் சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டினார்கள், பூங்கொத்துத் தந்தார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பு வந்த பாராட்டுக் கடிதம் ஒன்றும் அலுமாரியில் இருக்கிறது. அந்தக் கடிதம் எப்படி வந்தது என்றுதான் எழுதப் போகிறேன். உற்சாகம் தேவைப்படுகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தோளை எத்தனை பாகை தூக்க வைப்பது, பயிற்சிக்கான இழுவைப் பட்டியை எந்த நிறத்தில் கொடுப்பது என்றெல்லாம் நான் சொல்லித் தரப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் கையிலிருக்கும் ஃபோனுக்கே என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வருவது ஒரு கேள்வியைப் பற்றி. முப்பத்தொரு வருடத்தில் ஆயிரம் முறை கேட்டிருக்க வேண்டிய, கேட்பதுபோலப் பாவனை செய்த கேள்வி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஓர் அயர்லாந்துப் பெண்மணி இருந்தார். பெயர் வேண்டாம். குள்ளமான, சிகரெட் வாசம் வீசுகிற, யாருக்கும் பயப்படாத மனுசி. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நோயாளியோடு யார் கூட வந்தாலும், கணவனோ மனைவியோ மகளோ, முதல் சந்திப்பில் ஐந்து நிமிடம் அவர்களை வெளியே அனுப்பிவிடுவார். எந்தச் சட்டத்திலும் அது இல்லை. அது அவருடைய சொந்தச் சட்டம்.

ஒருநாள் சட்டனிலிருந்து ஒரு தமிழ்த் தம்பதி வந்தார்கள். மனைவிக்குக் கழுத்துப் பிடிப்பு. மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லாததால் என்னை அழைத்தார். மனைவியிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் கணவர்தான் பதில் சொன்னார். நித்திரை வருகிறதா என்றால், "வரும், வரும்" என்றார் அவர். என் மேலதிகாரி பேனாவை வைத்துவிட்டு யன்னலால் எட்டிப் பார்த்தார். "வண்டி நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டிலா உங்கள் கார் நிற்கிறது?" என்று கேட்டார். மனிதர் பதறிக்கொண்டு ஓடினார். கதவு சாத்தியதும் அந்த அம்மாவைப் பார்த்து, "இப்போது சொல்லுங்கள், எங்கே வலிக்கிறது?" என்றார். நான் தமிழில் கேட்டேன். அந்த அம்மா கழுத்தைத் தொட்டார். பிறகு கையை எடுத்துவிட்டு அழத் தொடங்கினார். ஊரில் இருந்த மூத்த மகன் யுத்தத்தில் காணாமல் போய்விட்டான். "பெடியன்ரை பேரை வீட்டிலை சொல்லக்கூடாது எண்டிட்டார், பிள்ளை. நாலு வருசமா நான் அவன்ரை பேரைச் சொல்லேல்லை" என்றார்.

அவர்கள் போனபிறகு என் மேலதிகாரி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "கழுத்து என்று சொன்னால்தான் நாங்கள் கதவைத் திறப்போம். அதனால் கழுத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். நீ கழுத்தோடு நின்றுவிடாதே."

நல்ல பாடம், இல்லையா? நான் அதைக் கற்றுக்கொண்டேன் என்று இங்கே எழுதினால் உங்களுக்கு உற்சாகமாக இருக்கும். நடந்தது வேறு. மூன்று கிழமை கழித்து விம்பிள்டன் கோயில் வாசலில் அந்தக் கணவர் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் அர்ச்சனைத் தட்டு, சுற்றிவரச் சனம். "நீயும் எங்கட ஆள்தானே, தங்கச்சி? புருசனை வெளியிலை கலைச்சுப்போட்டு மனுசியிட்டை என்ன விசாரணை? கார் எங்கை விட்டனான் எண்டு எனக்குத் தெரியாதோ?" நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. அந்தக் கூச்சம் எனக்குள் நன்றாக வேலை செய்தது. மேலதிகாரி ஓய்வு பெற்றுப் போனதும் ஐந்து நிமிடப் பழக்கத்தைச் சத்தமில்லாமல் கைவிட்டேன். அதற்கு ஒரு நல்ல பெயரும் வைத்துக்கொண்டேன்: குடும்பத்தை மதிப்பது.

அப்படி மதித்துக்கொண்டே இருபது வருடத்துக்கு மேல் ஓட்டினேன். பிறகு ரமிரோ வந்தார்.

அது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. கொலம்பியா நாட்டுக்காரர், ஐம்பத்திரண்டு வயது. ஸ்பெயினில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, அங்கே வேலை இல்லாமல் போக லண்டனுக்கு வந்தவர். பாரிசிலும் சுவிசிலும் இருந்துவிட்டு இங்கே வந்த எங்கள் ஆட்களின் கதைதான், நாடுகளின் பெயரை மாற்றினால் போதும். ஊரில் அவர் நில அளவையாளர். இங்கே அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்தார். விடியப்புறம் ஒரு ஷிப்ட், பின்னேரம் ஒரு ஷிப்ட். முதுகில் மாட்டுகிற, தூசு உறிஞ்சும் வாக்யூமைச் சுமந்துகொண்டு மாடி மாடியாக ஏறி ஏறி வலது தோளும் இடுப்பும் போய்விட்டன.

எங்கள் படிவத்தில் ஒரு மனித உருவம் வரைந்திருக்கும், வலிக்கிற இடத்தைப் பென்சிலால் தீட்டச் சொல்வோம். உங்களுக்குத் தெரியும், பெரும்பாலானவர்கள் கோபத்தில் கிறுக்குவார்கள். ரமிரோ பென்சிலைக் கூராக்கித் தரும்படி கேட்டார். தோளைச் சுற்றி வட்டத்துக்குள் வட்டமாக, வரைபடத்தில் மலைக்கு உயரக் கோடு போடுவது போல மெல்லிய கோடுகள் போட்டார். ஒவ்வொரு கோட்டிலும் ஓர் எண். நடுவில் ஒன்பது, வெளியே வர எட்டு, ஏழு, ஐந்து. இப்படியொரு படத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. முடித்ததும் நிமிர்ந்து, தன் வேலையைக் காட்டுகிற ஒருவரின் பெருமையோடு என்னைப் பார்த்தார். அந்தக் கணமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

கூட வந்தவள் மனைவி எல்சா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்ததால் அவளுக்கு ஆங்கிலம் ஓரளவு வந்தது. அவருக்கு வராது. தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை எடுக்கலாம், அதுதான் விதி. நான் ஃபோனை எடுத்ததும் எல்சா கையைப் பிடித்துத் தடுத்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை என் பேச்சிலேயே தருகிறேன். "ஃபோன் வேண்டாம். அந்தப் பக்கம் கதைக்கிறது ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது. எங்கட ஆக்கள் இங்கை கொஞ்சப் பேர்தான். நாளைக்குக் கடையிலை நிண்டு கதைப்பினம்."

எனக்கு அது எவ்வளவு நன்றாக விளங்கியது! தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்தால் வாயைத் திறக்காத தமிழர்கள் எத்தனை பேரை நான் கண்டிருக்கிறேன். என் இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பிசியோ இருந்திருந்தால் விதி விதிதான் என்று ஃபோனைப் போட்டிருப்பாள். நான் போடவில்லை. "உங்களுக்கு விருப்பமெண்டால் நீங்களே மொழிபெயருங்கோ" என்றேன். எல்சா நன்றி சொன்னாள். எனக்கும் நல்ல காரியம் செய்ததுபோல இருந்தது.

படிவத்தில் குடியைப் பற்றிய கேள்வி வந்தது. நாங்கள் இந்தக் கேள்வியை எப்படிக் கேட்போம் என்று உங்களுக்கே தெரியும். எங்களில் ஒரு மரியாதையான மனிதரைப் பார்த்து, அதுவும் மனைவி பக்கத்தில் இருக்க, "நீங்கள் குடிக்கிறனீங்களோ" என்று கேட்டால் அவரைச் சந்தி சிரிக்க வைத்ததாகிவிடும். அதனால் நான் எல்லோரிடமும் கேட்பது போலவே கேட்டேன். படிவத்தைப் பார்த்துக்கொண்டு, சிரித்தபடி, "குடிக்கிறேல்லைத்தானே?" பதிலையும் நானே கையில் கொடுத்துவிட்டேன். எல்சா ஸ்பானிஷில் ஏதோ கேட்டாள். ரமிரோ நீளமாகப் பேசினார். தோளைக் காட்டினார், நெற்றியைத் தொட்டார், கையை விரித்தார். ஒரு நிமிடமாவது பேசியிருப்பார். எல்சா என் பக்கம் திரும்பி, "அவர் குடிக்கிறேல்லை" என்றாள்.

ஒரு நிமிடப் பேச்சுக்கு இரண்டு சொல் மொழிபெயர்ப்பு. என் காது அதைக் கவனித்தது. என் கை "இல்லை" என்ற பெட்டியில் அடையாளம் போட்டது.

மனநிலைக் கேள்விகள் இன்னும் மோசம். வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் வருகிறதா என்று ஒரு கேள்வி இருக்கிறது. "இது எல்லாரிட்டையும் கேக்கிற கேள்விதான், பெரிசா எடுக்கவேண்டாம்" என்று முன்னுரை சொல்லிவிட்டுக் கேட்டேன். எல்சா படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரிடம் அந்தக் கேள்வியை அவள் கேட்கவே இல்லை. தானாகவே தலையை ஆட்டினாள், இல்லையென்று. அவர் என்ன கேள்வி என்று கூடத் தெரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்கும் அடையாளம் போட்டேன். இதை எழுதுகிறபோது என் மீதே எனக்கு அருவருப்பு வருகிறது.

இரண்டாவது முறை வந்தபோது அறைக்குள் வாசம் வந்தது. சாராய வாசத்தோடு பெருஞ்சீரக வாசமும் கலந்திருந்தது. நான் முகம் சுளித்திருக்க வேண்டும். எல்சா சட்டென்று கைப்பையைத் திறந்து ஒரு போத்தலை எடுத்தாள். உள்ளே கரும்புச் சாராயம், அதில் ஊறிய பச்சை இலைகள். "இது பூசுறது. எங்கட ஊர் வைத்தியம். நோவுக்குத் தோளிலை போட்டுத் தேய்ப்பம். இண்டைக்கு உங்களிட்டை வாறதெண்டு காலமை நல்லாத் தேய்ச்சுவிட்டனான்." ரமிரோவும் சேட்டுக் கழுத்தை விலக்கித் தோளைக் காட்டினார். தோல் சிவந்துதான் இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். எனக்கு அது புதிதா என்ன? எங்கள் வீட்டு அலுமாரியில் பிராண்டிப் போத்தல் மருந்து என்ற பெயரில்தான் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு முட்டையடித்துப் பிராண்டி, தடிமனுக்குப் பிராண்டி, குளிருக்குப் பிராண்டி. அதைக் குடி என்று ஒருவரும் சொன்னதில்லை. சட்டனில் இருக்கிற என் அண்ணை இன்றைக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே ஒரு கிளாசை ஊற்றிக்கொண்டு, "முழங்காலுக்கு" என்பார். பெட்ரோல் நிலையத்தில் இருபது வருடம் நின்று தேய்ந்த முழங்கால், பதினாறு வருடமாக இதே மருந்து. நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அண்ணி சிரிப்பாரா என்று நான் பார்த்ததில்லை.

ரமிரோவின் கோப்பில் எழுதினேன்: "மூலிகை ஊறவைத்த மதுபானம். பாரம்பரிய வைத்தியம். பூசுவதற்கு மட்டும்." எழுதிவிட்டு, இந்தப் பிரிவில் இதை விளங்கிக்கொள்ளக் கூடியவள் நான் ஒருத்திதான் என்று ஒரு பெருமை வேறு.

எங்கள் பிரிவில் ஒரு நர்ஸ் இருந்தாள். ஆங்கிலேயப் பெண், என் வயதுதான், பேச்சு வெட்டொன்று துண்டிரண்டு. நான்காவது முறை ரமிரோ வந்து போனபிறகு தேநீர் அறையில் என்னிடம் வந்தாள். "உன் கொலம்பியாக்காரர் குடித்துவிட்டு வந்திருக்கிறார். பதினொரு மணிக்கே" என்றாள்.

"அது பூசுகிற மருந்து. கோப்பில் எழுதியிருக்கிறேன்."

"பூசினால் தோளில் வாசம் வரும். அவர் மூச்சில் வருகிறது. எனக்கு அந்த வாசம் தெரியும். எங்கள் அப்பாவின் வாசம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. முப்பது வருடமாக இந்த நாட்டில் நான் கேட்ட எல்லாப் பேச்சும் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. "ஸ்பானிஷ் பேசுகிறவன், துப்புரவு வேலை செய்கிறவன் என்றால் உடனே குடிகாரன், அப்படித்தானே?" என்றேன். அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவள் கழுத்துவரை சிவந்துபோனாள். "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றாள். அடுத்த நாள் காலையில் வந்து மன்னிப்பும் கேட்டாள். அதற்குப் பிறகு ரமிரோவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். இந்த நாட்டில் எங்களை ஏளனம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் ஏளனம் செய்யவில்லை. நோயாளியைப் பார்த்தவள் அவள். நான் பார்த்தது என்னை. அந்த மனிதருக்காகச் சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டு, அவருக்காக வாய் திறந்த ஒரே ஆளின் வாயை அடைத்தேன்.

கோப்பில் குடி இல்லை என்று இருந்ததால் டாக்டர் நரம்பு வலிக்கான குளிசையைக் கூட்டினார். நோவு குறையவில்லை என்று இன்னொரு முறையும் கூட்டினார். அந்தக் குளிசையோடு மது சேரக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டாக்டர் என்னிடம் கேட்கக்கூடச் செய்தார், "குடி எதுவும் இல்லையே?" என்று. "இல்லை" என்றேன். என்னை நம்பினார். முப்பது வருட அனுபவத்தை யார்தான் நம்பமாட்டார்கள்?

கடைசி முறை ரமிரோ வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. உருவப் படத்தை நீட்டினேன். அவர் பென்சிலைக் கூராக்கச் சொல்லவில்லை. ஒரு கோடும் போடவில்லை. படத்துக்குக் கீழே பெரிதாக ஒரு பூச்சியம் போட்டுவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். முகம் அமைதியாக இருந்தது, கண் கொஞ்சம் மினுங்கியது. ஒன்பதில் இருந்து பூச்சியம்! ஏழு மாதச் சிகிச்சை. நான் கைதட்டினேன். உண்மையாகவே கைதட்டினேன். எல்சா கைதட்டவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேலைக்கு நேரமாகிறது என்று நினைத்து, சந்திப்பை முன்கூட்டியே முடித்துவிட்டேன்.

நாள்பட்ட நோவு ஒருநாளும் பூச்சியத்துக்கு வராது. மூன்றுக்கு வரும், நாலுக்கு வரும். பூச்சியம் போடுகிறவர் ஒன்றில் உணர்வு மரத்துப்போய் இருக்கிறார், இல்லையென்றால் ஏதோ முடிவெடுத்துவிட்டார். முதலாம் வருட மாணவிக்கும் தோன்றியிருக்க வேண்டிய சந்தேகம். எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அந்தப் பூச்சியம் எனக்குக் கிடைத்த பரிசு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமை காலை, அலுவலக ஊழியர்கள் வேலைக்கு வந்தபோது, ஐந்தாம் மாடிக் கூட்ட அறையில் ஒரு கதிரையில் ரமிரோ உட்கார்ந்திருந்தாராம். வாக்யூம் முதுகிலேயே இருந்தது, ஓடிக்கொண்டும் இருந்தது. சத்தத்தைக் கேட்டு, வேலை நடக்கிறது என்று முதலில் யாரும் உள்ளே போகவில்லையாம். குளிசையும் குடியும் சேர்ந்து மூச்சை நிறுத்திவிட்டன. தவறி நடந்ததா, தெரிந்தே நடந்ததா என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. நோவு அவரைக் குடிக்க வைத்ததா, மனம் உடைந்ததால் நோவு பெருத்ததா, குடித்ததால் மனம் உடைந்ததா என்பதும் எனக்குத் தெரியாது. மூன்றும் ஒரே ஆளிடம்தான் இருந்தன. நான் தோளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பி வீட்டுக்கு அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்து விசாரணைக் கூட்டம் வைத்தார்கள். நீள மேசை, தண்ணீர்ப் போத்தல்கள், இரக்கமான முகங்கள். கோப்பைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். ஒவ்வொரு கேள்வியும் கேட்கப்பட்டிருந்தது, ஒவ்வொரு பெட்டியிலும் அடையாளம் இருந்தது. மொழிபெயர்ப்பாளரை வேண்டாம் என்றது குடும்பத்தின் விருப்பம் என்றும் எழுதியிருந்தேன். தனிப்பட்ட எவர் மீதும் குற்றமில்லை என்று முடிவானது. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கூட்டத்தை நடத்திய அதிகாரி, "பூசுவதற்கு மட்டும்" என்று நான் எழுதிய குறிப்பை உரத்து வாசித்தார். நோயாளியின் பண்பாட்டை இவ்வளவு மதித்து எழுதிய குறிப்பை மற்றவர்களும் பின்பற்ற வேண்டும் என்றார். இரண்டு கிழமையில் அதையே கடிதமாக அனுப்பினார்கள்.

அந்த நர்ஸ் எனக்கு எதிரே இருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தாள். அவள் எச்சரித்தாள் என்று சொல்ல எனக்கு ஒரு வசனம் போதும். அந்த வசனம் தொண்டைவரை வந்தது. ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருக்கிறது என்று நினைத்தேன். விழுங்கிவிட்டேன். அடுத்த மாதம் அவள் வேறிடத்துக்கு மாறிப் போனாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு ஒருநாள் எல்சா வந்தாள். நாங்கள் இரவல் கொடுத்திருந்த, தோளில் ஒட்டி மின் துடிப்புக் கொடுக்கிற சின்னப் பெட்டியைத் திருப்பித் தர வந்திருந்தாள். வயர்களை அழகாகச் சுற்றி ரப்பர் போட்டிருந்தாள். நான் அவளை அறைக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டு, எனக்கு அறிய வேண்டியிருந்ததைக் கேட்டேன்.

"அந்தப் போத்தல், எல்சா. பூசினது உண்மையோ?"

"உண்மைதான்" என்றாள். "முதல் மாசம் பூசினவர். பிறகு பாதியைப் பூசினார், பாதியைக் குடிச்சார். பிறகு பூசுறேல்லை. நீங்கள் முதல் நாள் கேட்டபோதே அவர் உங்களுக்குச் சொன்னவர். குடிக்கிறன், நிப்பாட்ட ஏலாமல் கிடக்கு, தலைக்குள்ளை இருட்டாக் கிடக்கு எண்டு சொன்னவர். நான்தான் மாத்திச் சொன்னனான்."

"ஏன்?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். அழவில்லை. "உங்கட முகத்தைப் பாத்தன். நீங்கள் இல்லை எண்டு கேக்க விரும்பினீங்கள். அவர் என்ரை புருசன், பக்கத்திலை இருக்கிறார். அவரைக் குடிகாரன் எண்டு என்ரை வாயாலை எப்பிடிச் சொல்லுறது? ஒவ்வொரு முறையும் நீங்கள் எங்கள் ரண்டு பேரிலை ஒராளை வெளியிலை இருக்கச் சொல்லுவீங்கள் எண்டு காத்துக்கொண்டிருந்தனான். அவரை அனுப்பினாலும் சரி, என்னை அனுப்பினாலும் சரி. ஏழு மாசம். நீங்கள் சொல்லேல்லை."

பெட்டியைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டாள். போட்டுக் கொடுத்தேன். எழுந்து போய்விட்டாள்.

அதன்பிறகு ஓய்வு பெற்றேன். கேக் வெட்டினார்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

உங்களுக்கு என் அறிவுரை என்ன என்று கேட்பீர்கள். கேளுங்கள், அவ்வளவுதான். கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். அவர் கோபிப்பார், கோயில் வாசலில் வைத்து ஏசுவார், ஏசட்டும். மொழிபெயர்ப்பாளரை எடுங்கள். உங்கள் ஆள் போலத் தெரிகிற நோயாளியிடம் இரண்டு மடங்கு கவனமாக இருங்கள், ஏனென்றால் அவரிடம் கேட்க வேண்டியதை உங்களிடமே கேட்டுப் பதில் எழுதிவிடுவீர்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் போன மாதம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணை வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அண்ணை வழமை போலக் கிளாசோடு இருந்தார். "முழங்காலுக்கு" என்றார். நான் சிரிக்கவில்லை. முப்பத்தொரு வருடம் வேலை செய்தவளுக்கு, ஒரு தெரியாத நோயாளியிடம் கேட்கிற கேள்வியைச் சொந்த அண்ணையிடம் கேட்கப் பயமாக இருந்தது. அண்ணி மேசையில் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, ஒரு அஞ்சு நிமிசம் வெளியிலை இருக்கிறீங்களோ? அண்ணையோடை தனிய..." என்று தொடங்கினேன்.

நான் முடிக்க முன்பே அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை. அடுப்பை அணைத்தார். கோட்டை மாட்டிக்கொண்டு பின் தோட்டத்துக்குப் போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கண்ணாடியால் பார்த்தேன், எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணை, ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறீங்கள்?" என்று கேட்டேன். குடிக்கிறேல்லைத்தானே என்று கேட்கவில்லை.

அவர் கிளாசை மேசையில் வைத்தார். "என்ரை வீட்டிலை இருந்து சோறு தின்னுகொண்டு என்னையே விசாரிக்கிறியோ? நீ ஆர் என்னைக் கேக்க?" என்றார். கிளாசை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார். கதவு அடிக்கிற சத்தம் கேட்டது. அதன்பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை.

அண்ணி உள்ளே வந்தார். கோட்டைக் கழற்றித் தொங்கவிட்டார். தலையில் தூறல் நின்றது. அணைத்த அடுப்பை மறுபடி மூட்டிக் கறியைச் சூடாக்கினார். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"கேட்டனீங்களோ?"

"கேட்டன்."

கறி கொதிக்கும்வரை கிளறிக்கொண்டே நின்றார். பிறகுதான் சொன்னார்: "பதினாறு வருசம் எடுத்திருக்கு, மச்சாள், உங்களுக்கு."